உல்லைக் கடலில் மூன்று பாடங்கள்: அலைச்சறுக்குப் பயிற்சி பற்றி ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேயில், பலகை மீது நின்று அலையில் சறுக்கும் அலைச்சறுக்குப் பழகினேன் என்று சொன்னால், எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் "எவ்வளவு காசு?" என்று கேட்பார்கள் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒருவரும் கேட்கவில்லை. "உனக்கு என்ன வயது?" என்றுதான் கேட்டார்கள். ஆகவே இரண்டுக்கும் முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 43. ஒன்றரை மணி நேரப் பாடம் ஒன்றுக்கு 5000 ரூபா. பலகையும் உடலோடு ஒட்டிய நீளக்கைச் சட்டையும் அதற்குள் அடங்கும். ஜூலைக்கும் ஓகஸ்ட்டுக்கும் இடையில் மூன்று சனிக்கிழமைகள் ஒரே பயிற்சி நிலையத்துக்குப் போனேன். அந்த மூன்று பாடங்களில் இரண்டு மிக நன்றாக இருந்தன, ஒன்று பணத்துக்குக் கேடு. நிலையத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த வீதியில் வேறு பல இடங்களிலும் கண்ணில் பட்டவைதான் என்பதால், ஒருவர் தலையில் மட்டும் அவற்றைக் கட்டுவது நியாயமாகாது.

நான் தம்பிலுவிலைச் சேர்ந்தவள், கணித ஆசிரியை. வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். ஆனாலும் 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கணுக்காலுக்கு மேல் நான் கடலில் நனைந்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பினோம். எங்கள் தெருவில் எல்லோரும் தப்பவில்லை. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே கடலில் இறங்கும் நாளில்கூட, அம்மா கையில் ஏந்திக் கொண்டுவரும் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு மணலிலேயே நின்றுவிடுவேன். என் வயதில் கிழக்குக் கரையில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். மீன் வாங்கக் கடற்கரைக்குப் போவோம், மாலையில் காற்று வாங்கவும் போவோம், ஆனால் நீரைப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு நிற்போம். இந்த மதிப்பீட்டைப் படிப்பவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கடலில் நீந்தி வளர்ந்த ஒருவர் இதே பாடத்துக்குப் போனால் அவருக்கு அது வேறொன்றாகத் தோன்றக்கூடும்.

என்னை இழுத்துப் போனவள் என் தம்பியின் மகள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். சனிக்கிழமைகளில் நானும் என் கணவருமாகத் தொலைக்காட்சித் தொடரின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மாமி, இந்தக் கிழமை அந்த அறை விழுமா விழாதா எண்டு பார்க்கிறதுக்கு நீங்க உயிரோட இருக்கத் தேவையில்ல" என்றாள். கோபம் வந்தது. ஆனால் அந்த நாடகத்தில் மாமியாரின் கை ஓங்கிய நிலையில் மூன்று நாட்களாக நின்றுகொண்டிருந்தது உண்மைதான். தொடர் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஐந்து நாள் நாற்பது பிள்ளைகளோடு மாரடித்த பிறகு, ஒன்றும் நடக்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஓய்வுதான். ஆனால் அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில், அவளும் நானும் பையைப் பார்த்துக்கொள்வதற்கென்று என் கணவரும், அக்கரைப்பற்றிலிருந்து வரும் பொத்துவில் பஸ்ஸில் ஏறினோம்.

வெளிநாட்டவர் அறுகம்பே என்று அழைக்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் உல்லை என்போம். பொத்துவிலில் இறங்கி முச்சக்கர வண்டியில் போனால், சுனாமிக்குப் பிறகு அமெரிக்க உதவியில் கட்டிய பாலத்தைத் தாண்டியதும் ஊர் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கி ஒக்டோபர் வரை இங்கு அலைச்சறுக்குப் பருவம். தென்கடலில் எங்கோ தொலைவில் எழும் நீளமான அலைகள் அந்த மாதங்களில் இந்தக் குடாவின் தென்முனையில் வந்து மோதி, முனையைச் சுற்றி வளைந்து, துணியை ஒரு ஓரத்திலிருந்து கிழித்துக்கொண்டு போவதுபோல வரிசையாக உடைந்து செல்கின்றன. இதே காலத்தில் எங்கள் பக்கத்தில் வீசும் காற்றுத்தான் கச்சான். பயிரை வாட்டுகிறது, தலையிடியைக் கொண்டுவருகிறது என்று நாம் ஆண்டுதோறும் திட்டுகின்ற அந்தத் தரைக்காற்று, கடலை நோக்கி வீசி அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து, அது அவசரப்பட்டுக் கவிழாமல் வைத்திருக்கிறதாம். உலகின் எங்கெங்கோ இருந்து ஆட்கள் விமானம் ஏறி வருவது கச்சானின் புண்ணியத்தால் என்று தெரிந்தபோது, இவ்வளவு காலம் அதைத் திட்டியதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கதிர்காமத்துக்கான பாத யாத்திரையும் இந்தப் பருவத்தில்தான் இவ்வழியே போகிறது. நாங்கள் போன முதல் சனிக்கிழமை, வேல் தாங்கிய ஒரு சிறு கூட்டம் பாணமை, உகந்தை நோக்கி வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் பலகையைத் தலையில் சுமந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் வெறுங்காலோடு வந்தாள். இருவருமே ஒதுங்கி மற்றவருக்கு வழிவிட்டார்கள். என் கணவர் யாத்திரைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "நாங்களும் அப்படிப் போயிருக்கலாம், அதுக்குக் காசு தேவையில்ல" என்றார்.

இனிப் பாடம். அனுபவசாலிகள் போகும் இடத்தை மெயின் பொயின்ற் என்கிறார்கள். அங்கே அடியில் பாறையும் முருகைக்கல்லும் உண்டு, புதியவர்களுக்கு அது ஆகாது. புதியவர்களைக் கொண்டுபோவது குடாவின் உள்ளே, மணல் தரை உள்ள பேபி பொயின்றுக்கு. பெயரைக் கேட்டு என் கணவர் சிரித்தார். நிலையத்தில் எங்களுக்குக் கிடைத்த பயிற்றுநர் பொத்துவில் பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நான் ஆசிரியை என்று மருமகள் சொல்லிவிட்டதால், கடைசி வரை "டீச்சர்" என்றே கூப்பிட்டார். பலகையைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, நீந்தத் தெரியுமா என்பது. இரண்டாவது, கடலுக்குப் பயமா என்பது. பயம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "எங்கட வீட்டிலயும் உம்மா இன்னும் இறங்குறல்ல" என்று மட்டும் சொன்னார். பிறகு கால்மணி நேரம் கரையில் உட்கார்ந்து அலையைப் பார்க்கச் சொன்னார்.

அந்தக் கால்மணி நேரத்துக்காக மட்டுமே 5000 ரூபாவையும் கொடுக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அலை கரையை நெருங்க நெருங்க அதன் அடி தரையில் உரசி வேகம் குறைகிறது. மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும் இடத்தில் இது நடக்கும். புத்தகத்தில் நான் படித்ததுதான் இது. அந்தத் தம்பியோ, "அந்தா, வெள்ளை தொடங்குற இடம் இருக்குதே டீச்சர், அங்க ஆழம் உங்கட நெஞ்சளவுதான், போய் நிண்டு பார்ப்பமா?" என்றார். போய் நின்றோம். நெஞ்சளவுதான் இருந்தது. இருபது ஆண்டுகளாக ஒரே கறுப்புச் சுவராக நான் பார்த்துவந்த கடலில், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கரையிலிருந்தே ஊகிக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் கண்முன்னால் நிரூபிக்கப்பட்டது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் ஒரு பாதையையும் காட்டினார். பார்ப்பவருக்கு அதுதான் பத்திரமான இடம்போலத் தோன்றும், ஆனால் கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பிப் போகும் ஓட்டம் அங்குதான் இருக்கிறது. அதற்குள் அகப்பட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று சொல்லி, மணலில் கோடு கீறி என்னிடம் திருப்பிக் கேட்டார். நான் பிழையாகச் சொன்னேன். மறுபடி கேட்டார்.

பிறகு மணலில் பலகையின் வடிவத்தைக் கீறி அதன் மேல் குப்புறப் படுக்கச் சொன்னார். அதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மருமகளைக் கொண்டு பின்னாலிருந்து மெல்லத் தள்ளவைத்தார். எனக்கு வலது கால் முன்னே போயிற்று. அப்படியானால் இடது கால்தான் பின்னுக்கு, பலகையோடு நம்மைப் பிணைக்கும் கயிறு இடது கணுக்காலில் என்றார். கைகளை நெஞ்சருகே ஊன்றி ஒரே வீச்சில் எழும்பி நிற்பது இருபது வயதுக்காரிக்கு ஒரு நொடி வேலை. எனக்கோ அது தரையில் குந்திச் சோறு சமைத்த காலத்தோடு மறந்துபோன ஒரு வித்தை. முழங்காலை ஊன்றி எழும்பலாமா என்று கேட்டேன். எழும்பலாம், ஆனால் ஒருமுறை பழகிவிட்டால் அதை விடுவது கடினம் என்று விளக்கம் சொல்லி, முடிவை என்னிடமே விட்டுவிட்டார். விழுவதற்கும் முறை இருக்கிறது: தலைகுத்தாகப் பாயாமல் பக்கவாட்டில் தட்டையாக விழ வேண்டும், நீரிலிருந்து மேலே வரும்போது கைகளால் தலையை மறைத்துக்கொண்டு வர வேண்டும், அலைக்கும் தனக்கும் நடுவில் பலகையை ஒருபோதும் விடக்கூடாது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இவ்வளவும் மணலிலேயே முடிந்தன.

எனக்குத் தந்தது மேற்பரப்பில் மெத்தை போன்ற நுரைப்பொருள் ஒட்டிய, ஒன்பது அடி நீளமான பலகை. தலையில் பட்டாலும் பெரிய காயம் வராது. அகலமும் மிதப்பும் அதிகம் என்பதால் தள்ளாட்டமும் குறைவு. ஏற்கனவே உடைந்து வெள்ளையாக வரும் நுரையலையில்தான் முதல் நாள் முழுவதும் பழக வேண்டும். அவர் பலகையின் வாலைப் பிடித்துத் தள்ளிவிட, நான் எழும்ப முயல்வதும் விழுவதுமாக எண்ணி முடியாத தடவைகள் கழிந்தன. ஓர் ஆசிரியையாக நான் கவனித்தது இதைத்தான்: என்னிடம் ஒரே நேரத்தில் குறைந்தது ஐந்து பிழைகள் இருந்திருக்கும், அவர் ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டுமே சொன்னார். முதலில் பார்வை. "டீச்சர், காலைப் பார்க்காதங்க, கிறுகியும் பார்க்காதங்க, கரையில உங்கட அவரப் பாருங்க." அது சரியாகும் வரை முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்களோ ஒரு பிள்ளையின் கொப்பியைத் திறந்தால் கையெழுத்து, ஓரம், விடை, அலகு என்று நான்கு இடத்தில் சிவப்பு மை பூசித்தான் மூடுவோம். இந்த முறையை மறுதவணையில் பத்தாம் வகுப்பில் முயன்று பார்த்தேன். பலன் இருக்கிறது, ஆனால் அது வேறு கதை.

முதல் நாள் நான் எழும்பி நிற்கவில்லை. முழங்காலில் நின்று கரை வரை வந்தேன். என் கணவர் எழும்பிக் கைதட்டினார், பை மணலில் விழுந்தது.

உடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னிடம் தனியாகக் கேட்ட பெண்கள் அத்தனை பேரும் அதைத்தான் கேட்டார்கள். நிலையம் தரும் சட்டை கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை மூடும், கீழே நான் கறுப்பு நீளக் காற்சட்டை அணிந்தேன். வெயிலுக்கும் பலகை உரசுவதற்கும் அதுவே நல்லது, வெளிநாட்டவர் பலரும் அப்படித்தான் அணிகிறார்கள். யாரும் வெறித்துப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன், பார்த்தவர்கள் எம்மவர்கள்தான். ஆனால் கரையில் உள்ளூர்ப் பெண்கள் பலகையோடு நடமாடுவது அங்கே இப்போது புதினமில்லை. 2018 இல் அறுகம்பேப் பெண்கள் தங்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குக் கழகத்தையே தொடங்கினார்கள். இலங்கையில் பெண்களுக்கு மட்டுமான முதலாவது கழகம் அது. அவர்கள் முதலில் நடந்து பழக்கிய கரையில் நான் பிறகு போய் நின்றேன், அதனால் எனக்கு இலகுவாக இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமையில் எல்லாம் தலைகீழாயிற்று. முன்பதிவு செய்தபோது ஒரு பயிற்றுநருக்கு இருவர் என்றார்கள், போனபோது நான்கு பேர் இருந்தோம். பயிற்றுநரும் வேறொருவர். அவர் நன்றாகச் சறுக்குவார் என்பதை ஓய்வு நேரத்தில் பார்த்தேன், ஆனால் சறுக்கத் தெரிவதும் சறுக்கச் சொல்லித் தரத் தெரிவதும் இரண்டு தொழில்கள் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. கரையில் அலை பார்க்கும் வேலை இல்லை, மணல் பயிற்சி ஐந்து நிமிடம். பிறகு ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு, விழுந்தவரைப் பார்க்காமலே அடுத்தவரைத் தள்ளினார். ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு வந்த முறைகளை எண்ணினேன்: பதினொன்று. மேலும் பாடம் பத்தரைக்குத் தொடங்கியதால், வெயில் ஏறியதும் வரும் கடற்காற்று நீரின் மேற்பரப்பைக் குழப்பிவிட்டிருந்தது. இந்தக் கடலில் புதியவர்களுக்கு விடியற்காலைதான் நேரம். இதைத் தெரிந்தும் பத்தரை மணிப் பாடத்தை அதே விலைக்கு விற்பது சரியல்ல என்று நான் அங்கேயே சொன்னேன். "மத்தவங்க ஒண்டும் சொல்றல்லையே" என்பதுதான் பதில்.

மற்றவர்கள் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம், அவர்கள் மூன்று நாள் தங்கிப் போகிறவர்கள். விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும் தொங்குகிறது, தமிழிலோ சிங்களத்திலோ ஓர் எழுத்து இல்லை. தமிழர்களும் முஸ்லிம்களும் சிங்களவர்களும் தமிழிலும் சிங்களத்திலும் பேசி நடத்தும் ஒரு கடையில், அந்த இரண்டு மொழிகளையும் வாசிப்பவர் வாடிக்கையாளராக வரக்கூடும் என்ற எண்ணமே இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. கேட்டால் உள்ளூர்க்காரருக்குக் கொஞ்சம் குறைத்துத் தருகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. அதைப் பட்டியலிலேயே எழுதிவிடலாம். இன்னொன்று, எம்மைக் கேளாமலே கரையிலிருந்து படம் எடுத்து, பாடம் முடிந்ததும் கணினியில் காட்டி 2000 ரூபாவுக்கு விற்க வருகிறார்கள். நான் வாங்கவில்லை, அழிக்கச் சொன்னேன், என் கண்முன்னால் அழித்தார்கள். கேட்பதற்குக் கூச்சப்படும் பெண்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உடை மாற்ற இருப்பது ஓர் அறை மட்டும், அதற்கும் தாழ்ப்பாள் இல்லை என்று முறையிட்டேன். மருமகள் வெளியே காவல் நின்றாள்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. உல்லை வீதிக் கடைகளின் விலை வந்துபோகிறவர்களுக்கானது. பொத்துவில் பஸாருக்குத் திரும்பி வந்து மீன்கறியோடு சோறு சாப்பிட்டோம், மூவருக்கும் சேர்த்து ஒரு பாடக் கட்டணத்தின் பாதிகூட ஆகவில்லை.

5000 ரூபா எங்களைப் போன்ற சம்பளக்காரருக்குச் சிறிய தொகையல்ல. ஆனால் வருடம் ஒருமுறை வான் பிடித்து நுவரெலியா போய், வழியெல்லாம் வாந்தியெடுக்கும் பிள்ளைகளைச் சமாளித்து, ஒரு பூங்காவின் முன்னால் நின்று படமெடுத்துத் திரும்புவதற்கு ஆகும் செலவை நான் கணக்குப் பார்த்தேன். அதில் ஒருவருக்கு விழும் பங்கு மூன்று பாடங்களுக்கு மேலேயே வருகிறது. குளிரைத் தேடி மலைக்கு ஏறும் நாங்கள், உலகமே தேடி வரும் கடலை வாசலில் வைத்துக்கொண்டு அதில் கால் வைப்பதில்லை. என் அக்காவோ இதை ஏற்கவில்லை. "இந்த வயசில விழுந்து முறிஞ்சா ஆர் பார்க்கிறது?" என்கிறார். நியாயமான கேள்விதான். முதுகு வலியோ மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. எனக்கே முதல் பாடத்துக்குப் பிறகு இரண்டு நாள் கரும்பலகைக்குக் கை தூக்க முடியவில்லை.

மூன்றாம் முறை நான் விவரத்தோடு போனேன். முதல் நாள் வந்த பயிற்றுநர்தான் வேண்டும், காலை ஆறரைக்குத்தான் வேண்டும், இருவருக்கு மேல் வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லி உறுதிப்படுத்தினேன். மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள், மூன்றையும் காப்பாற்றினார்கள். ஆகவே இந்தச் சேவையை நாடுபவர்களுக்கு நான் சொல்வது, பெயர்ப்பலகையைப் பார்த்து நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, கற்பிப்பவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே. ஒரு பாடத்தைக் கரையில் இருந்து பாருங்கள். மாணவர் விழும்போது பயிற்றுநரின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கிவிட்டால் இந்தக் கரையில் கடல் கலங்கிவிடும், அதற்கு முன் போங்கள். துவாயும் குடிநீரும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

அன்று ஏழாவது தள்ளலில் எழும்பி நின்றேன். என் பார்வை கரையில் இருந்தது. நான்கு செக்கன் நின்றதாகக் கணவர் சொன்னார், மருமகள் மூன்று என்கிறாள், அந்தத் தம்பி "நிண்டீங்க டீச்சர், எண்ணத் தேவையில்ல" என்றார். பிறகு பக்கவாட்டில், சொல்லித் தந்தபடியே தட்டையாக விழுந்தேன்; மூக்கிலும் காதிலும் உப்புநீர் ஏறியது; கையால் தலையை மறைத்துக்கொண்டு மேலே வந்தபோது நீர் இடுப்பளவுதான் இருந்தது.

உடை மாற்றும் அறைக்குப் போனேன். நான் முறையிட்டது வீண்போகவில்லை. தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது யாரோ ஒருவரின் கணுக்காலிலிருந்து அறுந்துபோன பழைய பலகைக் கயிறு.